“மிஷினை எப்ப எடுப்பாங்க?” வெண்டிலேட்டரும் மூச்சுத் தசைப் பயிற்சியும்: கேள்வி பதில்

வேலூரில் ஐசியூ பிசியோதெரபி பார்ப்பவள் நான். நோயாளியை நேரில் பார்க்காமல் சொல்லும் பதில்கள் இவை. பக்கத்தில் நின்று பார்க்கிற டாக்டரின் பேச்சுக்கு மேலே இதை வைக்காதீர்கள். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

குடியாத்தம்: அக்கா, எங்க நைனா நிமோனியா வந்து ஒரு மாசமா வெண்டிலேட்டர்ல கீறாரு. கழுத்துல ஓட்டை போட்டு டியூப் வச்சிருக்காங்க. நிமோனியா போயிடுச்சுன்றாங்க. ஆனா மிஷினை எடுத்தா அரை மணி நேரத்துல திணறுறாரு. நுரையீரல் சரியாயிட்டா அப்புறம் என்ன?

நுரையீரல் தானாக விரியாதும்மா. அதை இழுத்து விரிப்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்கிற தசை. பிறந்ததிலிருந்து ஓய்வே பார்க்காத தசை அது. மொத்த வேலையையும் மிஷின் எடுத்துக்கொண்டால் உடனே மெலிய ஆரம்பித்துவிடும். மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் தந்தவர்களின் உதரவிதானத்தைப் பரிசோதித்து 2008-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் வெண்டிலேட்டரில் இருந்தது 18 முதல் 69 மணி நேரம்தான். அதற்குள் தசை நார்களின் பருமன் மற்றவர்களுடையதில் பாதிகூட இல்லை. அவர்கள் சொந்தமாக ஒரு மூச்சும் இழுக்காதவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மிஷினோடு சேர்ந்து தானும் இழுப்பவருக்கு இவ்வளவு வேகமாகப் போகாது. ஆனால் உங்கள் நைனாவுக்கு ஒரு மாசம் ஆகிவிட்டது. கிருமித்தொற்றும் படுக்கையும் தம் பங்குக்குத் தின்றிருக்கும்.

திணறும்போது அவர் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மூச்சு உள்ளே போகும்போது வயிறு மேலே எழ வேண்டும். நெஞ்சு எழும்பி வயிறு உள்ளே அமுங்கினால் உதரவிதானம் கைவிட்டுவிட்டது, கழுத்துத் தசைகள்தான் இழுக்கின்றன என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் நர்ஸைக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: “அவர் மூச்சு இழுக்கிற அழுத்தம் எவ்வளவு?” சென்டிமீட்டர் நீர் என்ற அளவில் சொல்வார்கள். நல்ல உடம்புக்காரர் 80, 100 கூட இழுப்பார். 20, 30-லேயே நின்றால் தசைதான் பிரச்சினை. நல்ல அழுத்தம் வந்தும் திணறினால் சளி, இதயம், உடம்பில் தேங்கிய நீர் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

ஆம்பூர்: மெடிக்கல் ஷாப்ல மூணு பந்து வச்ச மிஷின் வாங்கிட்டு வந்துட்டேன். இதை ஊதினா போதுமா?

முதலில், அது ஊதுவதற்கு இல்லை, உறிஞ்சுவதற்கு. இரண்டாவது, கழுத்தில் குழாய் இருப்பவருக்குக் காற்று அந்தக் குழாய் வழியாகத்தான் போகும். வாயில் வைத்தால் பந்து அசையாது. மூன்றாவதுதான் முக்கியம்: ஆபரேஷன் முடிந்தவருக்கு ஆழமாக மூச்சு இழுக்கப் பழக்குகிற கருவி அது. மெதுவாக உறிஞ்சினால் தசைக்குச் சுமையே கிடையாது.

தசையை வலுவாக்குகிற கருவி வேறு. கையடக்கமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு. நாம் 9 என்று வைத்தால், நோயாளி 9 சென்டிமீட்டர் அழுத்தத்துக்கு இழுத்தால்தான் வால்வு திறக்கும். அதற்குக் கீழே எவ்வளவு நேரம் இழுத்தாலும் காற்று வராது. இதை ஒரு கனெக்டர் போட்டு நேராகக் கழுத்துக் குழாயில் மாட்டலாம். வாங்கிய பந்தைத் தூக்கிப் போட வேண்டாம், குழாய் எடுத்த பிறகு உதவும்.

ஆரணி: எங்க அம்மாவுக்கு இந்தப் பயிற்சி ஆரம்பிச்சிருக்காங்க. ஆறேழு மூச்சு இழுக்க வச்சுட்டு மறுபடி மிஷின்ல போட்டுடுறாங்க. இவ்வளவுதானா? நாங்க கூட கொஞ்சம் செய்ய வைக்கலாமா?

வேண்டாங்க. இந்த ஆர்வத்தில்தான் காரியம் கெடுகிறது. எடை தூக்குபவர் நாள் முழுக்கத் தூக்குவதில்லை, இங்கேயும் அதே கணக்கு. 2011-ல் அமெரிக்காவில் நாள்பட வெண்டிலேட்டரில் கிடந்த 69 பேரிடம் சோதித்தார்கள். ஒரு சுற்றுக்கு 6 முதல் 10 மூச்சு, நாளுக்கு 4 சுற்று, வாரம் 5 நாள். சுற்றுக்கு நடுவே மிஷினில் ஓய்வு. முடிவில் பயிற்சி எடுத்தவர்களில் 71 சதவீதம் பேர் மிஷினை விட்டு வந்தார்கள், சும்மா பேருக்குப் பயிற்சி பெற்றவர்களில் 47 சதவீதம். சின்ன ஆய்வுதான், எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேலை நடப்பது அந்தச் சில கடினமான மூச்சுகளில்தான். செச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, 90 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, நெற்றி வியர்த்தாலோ, மூச்சு நிமிஷத்துக்கு 35-ஐத் தாண்டினாலோ அன்றைக்கு நிறுத்திவிடுவோம்.

நீங்கள் செய்ய வேண்டியது, பயிற்சிக்கு முன் சளி எடுத்தாயிற்றா என்று பார்ப்பது, “இழும்மா” என்று காதருகே சொல்வது. தெரிந்த குரலுக்கு நோயாளி கொஞ்சம் அதிகமாகவே முயற்சி செய்வார்.

வாணியம்பாடி: பகல்ல மிஷின் இல்லாம இருக்காரு, ராத்திரி திரும்பப் போடுறாங்க. பின்னால போறாரா?

இல்லை. ராத்திரி ஓய்வு கொடுத்து மறுநாள் நேரத்தைக் கூட்டுவதுதான் வழக்கம். கழுத்துக் குழாய் இருப்பவர்களுக்கு மிஷினின் உதவியை மெல்லக் குறைப்பதைவிட, பகலில் முழுவதுமாகக் கழற்றிவிட்டுப் பழக்குவது சீக்கிரம் பலன் தந்ததாக 2013-ல் ஓர் ஆய்வு சொன்னது. சராசரியாக 19 நாளுக்குப் பதில் 15 நாள்.

அணைக்கட்டு: தம்பிக்குக் கட்டுவிரியன் கடிச்சு வெண்டிலேட்டர்ல இருக்கான். தசைப் பயிற்சி எப்ப ஆரம்பிக்கணும்?

இப்போது வேண்டாம். தசை நன்றாகத்தான் இருக்கிறது. நரம்பு தசைக்கு அனுப்பும் சேதி விஷத்தால் நின்றுபோயிருக்கிறது. நரம்பு முனை திரும்ப வளர்ந்ததும் கண் இமை தூக்குவான், கை அசைப்பான். பெரும்பாலும் பயிற்சி இல்லாமலே வெளியே வந்துவிடுவார்கள். பூச்சிமருந்து குடித்தவர்களுக்கும் முதல் சில நாள் இதே பதில்தான்.

காட்பாடி: புளிய மரத்துல இருந்து விழுந்து கழுத்தெலும்பு போச்சு. என் வீட்டுக்காரரை உட்கார வச்சா மூச்சு வாங்குது, படுக்க வச்சா சரியாயிடுது. எல்லாரும் உட்கார வைக்கணும்னு சொல்றாங்களே?

நீங்கள் பார்த்தது சரி. மற்ற நோயாளிகளுக்கு உட்கார்ந்தால் மூச்சு எளிது, கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவருக்கு நேர்மாறு. வயிற்றுத் தசை செயலிழந்ததால், உட்காரும்போது குடல் முன்னால் சரிந்து உதரவிதானம் கீழே இறங்கித் தட்டையாகிவிடும். இழுக்க இடம் இருக்காது. படுத்தால் குடலே அதை மேலே தள்ளித் தருகிறது. அதற்காகப் படுக்கையிலேயே விட்டுவிடக் கூடாது. வயிற்றில் பெல்ட் கட்டி உட்கார வையுங்கள், வித்தியாசம் தெரியும். இருமல் வராது, நாம்தான் வயிற்றை அழுத்தி இருமவைக்க வேண்டும். அதை பிசியோவிடம் கையோடு கற்றுக்கொள்ளுங்கள். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியின் பாகாயம் மறுவாழ்வு மையம் உங்களுக்குப் பக்கம்தானே. 1966-ல் அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தவர்.

திருப்பத்தூர்: அப்பா பேசணும்னு அழறாரு.

குழாயைச் சுற்றி ஒரு சின்ன பலூன் உண்டு, கஃப் என்போம். அதிலிருக்கும் காற்றை முழுக்க எடுத்துவிட்டு, காற்றைக் குழாய் வழியாக உள்ளே மட்டும் விடுகிற பேச்சு வால்வை மாட்டினால் குரல் வரும். பலூனில் காற்று இருக்கும்போது அந்த வால்வை மாட்டவே கூடாது. உள்ளே போகும் காற்று வெளியே வர வழியில்லாமல் உயிருக்கே ஆபத்தாகிவிடும். டாக்டரோ பயிற்சி பெற்றவரோ இல்லாமல் தொடாதீர்கள். அதுவரை எழுத்துப் பலகை கொடுங்கள்.

ஆற்காடு: அண்ணனை மிஷினோட வீட்டுக்கே கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க. கரண்ட் போனா?

மிஷினின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று வீட்டுக்குப் போகும் முன்பே ஓட்டிப் பாருங்கள். சளி உறிஞ்சும் சக்ஷன் மிஷினையும் சேர்த்துத் தாங்குகிற இன்வெர்ட்டர் வேண்டும். கையால் அழுத்தி மூச்சு கொடுக்கிற ஆம்பு பேக் கட்டில் தலைமாட்டிலேயே தொங்க வேண்டும், பீரோவில் அல்ல. வீட்டில் குறைந்தது இரண்டு பேராவது அதை அழுத்தத் தெரிந்திருக்க வேண்டும். நம்ம ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது சளி காய்ந்து குழாயை அடைக்கும், அதனால் ஈரம் தரும் ஃபில்டரை டாக்டர் சொன்ன கணக்குப்படி மாற்றுங்கள். மாற்றுக் குழாய் ஒன்று, அதே அளவில் இல்லாவிட்டால் ஒரு அளவு சின்னது, பையில் எப்போதும் இருக்கட்டும்.