எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு யாருடைய உணவு ஆலோசனையை நம்பலாம்?

இந்த அறுவை சிகிச்சையில் இரைப்பையைச் சிறிதாக்குகிறார்கள். 'ஸ்லீவ்' முறையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். வைட்டமின் பி12 உடலில் சேர உதவும் பொருள் இரைப்பையில்தான் சுரக்கிறது. அதனால் சாப்பாட்டோடு சத்தும் குறைகிறது. சின்னப் பையில் முக்கியமானதை முதலில் வைப்பதுபோல, முதல் கவளம் முட்டை, மீன், பருப்பாக இருக்கட்டும். நாளுக்கு 60 கிராம் புரதமாவது தேவை. தர்மபுரிக்காரர்களுக்குக் களி உருண்டையை விட மனசு வராது. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து நிறைய உண்டு, ஆனால் 100 கிராம் மாவில் புரதம் சுமார் 7 கிராம்தான்.

அறுவை செய்த குழுவின் டயட்டீஷியனைத்தான் முதலில் கேளுங்கள். சிகிச்சை பெங்களூரில் நடந்திருந்தாலும், கிருஷ்ணகிரியிலேயே ரத்தப் பரிசோதனை செய்து ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பலாம். ரிப்போர்ட்டைப் பார்க்காமலே புரதப் பவுடர் விற்பவரை நம்பாதீர்கள்.

எடை குறைந்ததும் வைட்டமின் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, அது ஆயுசுக்கும் தேவை.