அப்பா 3.30-க்கு எழும்புகிறார், என்னால் ஏன் முடியவில்லை?

கேள்வி: எனக்கு 24 வயது. திருவட்டாறு பக்கம் ஊர். பி.எஸ்சி. முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். காலையில் எழுந்தால் படிக்க வேண்டும் என்ற வேகமே வருவதில்லை. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,499 ரூபாய் கட்டி ‘21 நாள், 4.30 மணி’ சவாலில் சேர்ந்தேன். நான்கு நாள் எழுந்தேன். 5.15-க்குப் புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போய், மறுபடி 8 மணிக்கு எழுந்து, அன்று முழுக்கக் குற்ற உணர்ச்சி. அப்பா ரப்பர் பால்வெட்டுக்கு 3.30-க்கே எழும்பிப் போகிறார். அவரால் முடிகிறது, என்னால் ஏன் முடியவில்லை? எந்தக் காலைப் பழக்கம் எனக்கு ஊக்கம் தரும்? (நான் படுக்க 11.30 ஆகும், சில நாள் 12.) அக்கா திருவனந்தபுரத்தில் நர்ஸ். அவளுக்கு மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. நீங்கள் சொல்வது அவளுக்கும் பொருந்துமா?

பதில்: உங்கள் கேள்விக்கான விடையை நீங்களே அடைப்புக்குறிக்குள் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இரவு 12-க்குப் படுத்து 4.30-க்கு எழுந்தால் நாலரை மணி நேரம். உங்கள் வயதில் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் வேண்டும். 5.15-க்கு நீங்கள் புத்தகத்தின் மேல் சாய்ந்தது சோம்பல் இல்லை. உடம்பு தன் பாக்கியை வசூலித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அப்பா எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று எழுதவில்லை. என்னிடம் வருகிற பால்வெட்டுக்காரர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வி அது. 8.30 என்பார்கள், மிஞ்சிப்போனால் 9. மதியம் சோறு உண்டுவிட்டுத் திண்ணையில் ஒரு உறக்கம் வேறு. கூட்டிப் பாருங்கள், ஏழு மணி நேரம் வந்துவிடும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறையும், அதனால் அந்த நேரத்தில் போகிறார். தினமும் ஊக்கம் பொங்கி எழும்புகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மழை பெய்து வெட்டு இல்லாத நாளிலும் 4 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது என்று இதே ஆட்கள்தான் என்னிடம் அலுத்துக்கொள்கிறார்கள். அதுதான் உடம்புக் கடிகாரம். அது செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த விவரமெல்லாம் உங்களுக்கு வேண்டாம். அதற்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

இப்போது அந்த 1,499 ரூபாய். நம் குமரி மாவட்டத்தில் சூரியன் ஏறக்குறைய 6 மணிக்கும் 6.45-க்கும் நடுவில்தான் உதிக்கும், வருஷம் முழுக்க. 4.30-க்கு எழுந்து டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தால், உடம்பைப் பொறுத்தவரை அது நடுராத்திரி. இதைச் சொல்லிக்கொடுக்காத ‘கோச்’ வேறு எதைச் சொல்லிக்கொடுப்பார்? அலாரம் அடித்ததும் போட்டோ எடுத்துக் குழுவில் போடச் சொல்வார். போட்டுவிட்டுத் திரும்பப் படுத்தவர்கள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். இரண்டாம் வாரம் ஒரு பவுடர் டப்பா வரும், காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கலக்கிக் குடிக்க. மூன்றாம் வாரம் நீங்களே பத்துப் பேரைச் சேர்த்துவிடலாம் என்பார்கள். போன வருஷம் ஒரு ஆசிரியை அப்படி மூன்று டப்பாக்களை என் மேஜைமேல் வரிசையாக வைத்தார். இரண்டு பிரிக்கவே இல்லை. அவருக்கு மேலே ஒருவர், அந்த ஒருவருக்கு மேலே இன்னொருவர், எல்லோருக்கும் கமிஷன். தான் வெளுப்பான்காலத்தில் எழுந்ததெல்லாம் டப்பா விற்கத்தான் என்று புரிய அவருக்கு எட்டு மாதம் ஆனது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டிப்பழம் புரையிடத்தில் குலை தள்ளி நிற்கிற ஊரில், புட்டையும் பயறையும் விட்டுவிட்டு எதற்கு டப்பா?

அந்த ‘21 நாள்’ கணக்கும் கதைதான். 1960-ல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக மூன்று வாரமாவது ஆகிறது என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டார்கள். லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி 2009-ல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254. நடுவில் ஒரு நாள் தவறினால் குடி முழுகவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. ஒரு நாள் விட்டால் முதலிலிருந்து தொடங்கு, திரும்பக் கட்டணம் கட்டு என்கிற குழுக்களில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று. குரூப் 4 தேர்வு நடப்பது காலை 9.30 முதல் 12.30 வரை. 200 கேள்வி, மூன்று மணி நேரம். உங்கள் மூளை பளிச்சென்று இருக்க வேண்டிய நேரம் அதுதான். தேர்வாணையம் யாரையும் 4.30-க்கு வரச் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இருட்டோடு டியூஷனுக்கு ஓட வைத்து, அப்புறம் வகுப்பில் தூங்குகிறான் என்று பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்புகிற நம் படிப்பு முறை, வெள்ளென எழுந்தவனே படிப்பாளி என்று உங்கள் தலையில் ஏற்றி வைத்திருக்கிறது. முதலில் அதை இறக்குங்கள்.

சரி, என்ன செய்வது? 6.15-க்கு எழுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் தாமதிக்கலாம். எழுந்தவுடன் ஊக்கம் வந்ததா என்று மனதைத் தோண்டிப் பார்க்காதீர்கள். எழுந்த பிறகு கால் மணி, அரை மணி நேரம் எல்லோருக்கும் மூளை மந்தமாகத்தான் இருக்கும். எனக்கு முப்பது வருஷமாக அப்படித்தான். அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள், வெளிச்சத்தில், முற்றத்தில்.

அம்மா கையிலிருந்து ஈர்க்கில் வாரியலை (துடைப்பத்தை) வாங்கிக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். முற்றம் தூத்துவதில் நான் சொல்ல வந்தது எல்லாமே இருக்கிறது. குனிந்து நிமிர வேண்டும், வெளிச்சம் கண்ணில் படும், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், முடிந்தது என்று கண்ணுக்கே தெரியும். சக்கை (பலா) இலை ஒரு பக்கமாகக் குவிந்து கிடக்க, ஈரமண்ணில் வாரியல் வரி வரியாகக் கோடு போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றால், அடுத்த வேலைக்குக் கை தானாகப் போகும். ஊக்கம் வேலைக்குப் பின்னால் வருகிற சாமான், முன்னால் வராது. (வீட்டில் தம்பி இருந்தால் வாரியலை அவனிடம் கொடுத்துவிட்டு நீங்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாலும் இதே பலன்தான்.) மழையென்றால் திண்ணையில் நில்லுங்கள். ஆனி மாத மேகமூட்டத்திலும், நன்றாக விடிந்த பிறகு வெளியே இருக்கிற வெளிச்சம் அறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

அப்புறம் ஒரு கட்டன், பால் சேர்க்காத சாயா. அதைக் குடித்துக்கொண்டே பழைய வினாத்தாளில் ஐந்தே ஐந்து கேள்வி. புதுப் பாடம் வேண்டாம். எந்தப் பக்கம் என்று தேடுகிற வேலையும் இருக்கக்கூடாது. முந்தின இரவே அந்தப் பக்கத்தைத் திறந்து பேனாவை மேலே வைத்துவிட்டுப் படுங்கள்.

இரவுதான் கஷ்டம். போன் வேறு அறையில் சார்ஜ் ஏறட்டும். அலாரத்துக்கு வேண்டும் என்பீர்கள், சில நூறு ரூபாய்க்கு வாட்ச் கடையில் டிக் டிக் கடிகாரம் கிடைக்கிறது. சாயங்காலம் 5 மணிக்குக் குடிக்கிற சாயாதான் கடைசியாக இருக்கட்டும். அதில் பாதி 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். படுக்கும் நேரத்தைச் சில நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்தி 10.45-க்குக் கொண்டுவாருங்கள். ஊரில் கொடையோ திருவிழாவோ நடந்தால் அதுவும் நடக்காது, எனக்குத் தெரியும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லேயே விதி போட்டார்கள். அனுமதியோடு சில நாள் மட்டும் 12 வரை தளர்த்தலாம். எங்கள் தெருவில் எந்தச் சாமியும் அந்த விதியைப் படித்ததாகத் தெரியவில்லை. போன் செய்தால் போலீஸ் வருகிறது, சத்தம் குறைகிறது, ஜீப் திரும்பியதும் ஏறுகிறது.

அக்காவுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அவருக்குத் தலைகீழ். டியூட்டி முடிந்து 7.30-க்கு வெளியே வரும்போது கண்ணில் படுகிற வெயில், ‘விடிந்துவிட்டது, எழும்பு’ என்று உடம்பிடம் சொல்லிவிடும். அப்புறம் வீட்டுக்கு வந்து படுத்தாலும் உறக்கம் வராது. அதனால் பஸ்ஸில் வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். பஸ்ஸில் என்றுதான் சொல்கிறேன். இரவு முழுக்க முழித்துவிட்டு ஸ்கூட்டரில் களியக்காவிளை தாண்டி வருவது, குடித்துவிட்டு ஓட்டுவதற்கு ஈடு. ஸ்கூட்டர் அந்த வாரம் வீட்டில் நிற்கட்டும். வந்ததும் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு நேரே படுக்கை. ஜன்னலுக்குக் கனமான துணி. அம்மாவிடம் சொல்லுங்கள், 11 மணிக்கு ‘மக்ளே, ஒரு வாய் தின்னுட்டு உறங்கு’ என்று எழுப்பக் கூடாது. பாசம்தான், ஆனால் உறக்கம் அத்தோடு கெட்டது. டியூட்டிக்குப் போகுமுன் சாயங்காலம் ஒரு மணி நேரம் கண் அயர்ந்தால் நல்லது. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாற்றிப் போடுகிற மருத்துவமனை என்றால் எந்தப் பழக்கமும் நிலைக்காது. ஊழியரின் உறக்கத்தை ஒரு பொருட்டாகவே நினைக்காத நிர்வாகங்களுக்கு நான் என்ன மருந்து எழுத?

எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் காலைப் பழக்கத்தைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள், இலவசம். அல்லது ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மூன்று வாரம் நன்றாக உறங்கியும் காலையில் அசதி போகவில்லை என்றால், ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். இந்த இரண்டு போதும். ‘முழு உடல் பரிசோதனை, 72 டெஸ்ட், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம்’ என்று யாராவது போனில் கூப்பிட்டால், உங்கள் நம்பர் அவர்களுக்குக் கிடைத்தது அநேகமாக அந்த 4.30 மணிக் குழுவிலிருந்துதான்.