தர்மபுரி மாவட்டத்தில் ஒகேனக்கல் தவிர, கூட்டமில்லாத நீர்நிலை எது? பறவைகள் பார்க்கவும் குடும்பத்தோடு ஒரு நாள் கழிக்கவும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

ஒகேனக்கல்லை ஏற்கெனவே பார்த்துவிட்ட குடும்பத்துக்கு நான் சொல்லும் இடம் நாகமரை, ஒட்டனூர் கரைகள்தான். பென்னாகரத்திலிருந்து ஏரியூர் வழியாகச் செல்லும் சாலை அங்கே தண்ணீரில் போய் முடிகிறது. அந்தத் தண்ணீர் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம். அணை சேலம் மாவட்டத்தில் இருப்பதால் நீர்த்தேக்கம் முழுவதும் அந்த மாவட்டத்துக்கே உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஒகேனக்கல்லில் பாறைகளுக்கிடையே விழுந்து ஓடிவரும் காவிரி வேகம் அடங்கி ஏரியாக விரியும் மேற்பகுதியின் கிழக்குக் கரை தர்மபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஓட்டல்களோ வாகன நெரிசலோ இல்லாத அந்தக் கரைக்கு, பென்னாகரம் பகுதியில் பிறந்து வளர்ந்த நான் இப்போதும் ஆண்டுதோறும் போய்வருகிறேன்.

புறப்படும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஏரிக்கு நிலையான கரை கிடையாது. 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிரம்பி நிற்கும்போது நீர்ப்பரப்பு ஏறத்தாழ 59 சதுர மைல். தென்மேற்குப் பருவமழையில் கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பித் திறக்கப்படும் நீர், கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு, ஒகேனக்கல் வழியாக இங்கே வந்து சேர்கிறது. டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை அணையிலிருந்து நீர் திறக்கப்படுகிறது. ஆக, வருவது ஒரு கணக்கு, போவது இன்னொரு கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே கரை பல நூறு மீட்டர் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். நாளிதழ்களில் தினமும் வெளியாகும் மேட்டூர் அணை நீர்மட்டத்தைப் பெரும்பாலானவர்கள் டெல்டா விவசாயிகளுக்கான செய்தி என்று கடந்துவிடுகிறார்கள். நாகமரைக்குப் போக நினைப்பவர்களுக்கு அந்த ஓர் எண்ணே போதும், அங்கே என்ன காணக் கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

நீர்மட்டம் நூறு அடியைத் தாண்டியிருந்தால் நீங்கள் பார்க்கப்போவது கடல் போன்ற பரப்பு. எதிர்ப்பக்கம் தொலைவில் மலைகள் எழுந்து நிற்கும், கரை முதல் கரை வரை ஒரே நீலம். கரையோரச் சீமைக் கருவேல மரங்கள் பாதி உடல் மூழ்கி நிற்க, அவற்றின் காய்ந்த கிளைகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருக்கும். இந்தப் பருவத்தில் காட்சிதான் விருந்து, பறவைகள் குறைவு. கால் நனைத்து இரை தேடும் கொக்குக்கும் நாரைக்கும் ஆழமற்ற நீர் வேண்டும், நிரம்பிய ஏரியில் அது கரையோரமாக மெல்லிய கோடாகத்தான் கிடைக்கும்.

ஆகவே பறவைகளுக்காக வருபவர்கள், ஜனவரி கடைசியில் பாசனத்துக்கான நீர் நிறுத்தப்பட்ட பின், நீர் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தண்ணீர் விலகிய சரிவில், ஒவ்வொரு கட்டத்திலும் அது நின்றுபோன இடத்தில் சிறு கூழாங்கற்களும் சிப்பி ஓடுகளும் வரிசையாக ஒதுங்கிக் கோயில் குளத்துப் படிகளைப்போல அடுக்கடுக்காகத் தெரியும். கடைசி வரிசைக்குக் கீழே கருஞ்சேறு, அதில் சாம்பல் நாரை, வெண்கொக்கு, மஞ்சள்மூக்கு நாரை ஆகியவற்றின் காலடித் தடங்கள். கறுப்பு வெள்ளை மீன்கொத்தியைக் குழந்தைகளுக்குத் தவறாமல் காட்டுங்கள். அது நீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையை வேகமாக அடித்தபடி அலகைக் கீழ்நோக்கித் தாழ்த்தி அந்தரத்தில் நிற்கும். மீன் கண்ணில் பட்டதும் இறக்கையை ஒடுக்கிக்கொண்டு கல்லைப்போல் விழும். குளிர்காலத்தில் வரும் விரால் அடிப்பான் என்னும் மீன்பிடிக் கழுகு இதே வேலையைப் பெரிய அளவில் செய்யும், கால்களை முன்னே நீட்டித் தண்ணீருக்குள் பாய்ந்து மீனோடு எழும்பும்.

நீர் மேலும் இறங்கும்போது நடுவே மணல் திட்டுகளும் பாறைத் திட்டுகளும் தலைகாட்டும். மஞ்சள் அலகும் கறுப்புத் தலையும் பிளந்த வாலும் கொண்ட ஆற்று ஆலாக்கள் மார்ச் முதல் மே வரை இந்தத் திட்டுகளில்தான் முட்டையிடுகின்றன. கூடு என்று எதுவும் கிடையாது, மணலில் ஒரு சிறு குழி, அவ்வளவுதான். புள்ளிகளிட்ட முட்டை கல்லின் நிறத்திலேயே இருப்பதால் மிதித்த பிறகுதான் தெரியும். தலைக்கு மேலே ஆலாக்கள் கத்தியபடி தாழப் பறந்து வந்தால் அங்கே முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். தயவுசெய்து உடனே திரும்பிவிடுங்கள். தாய்ப்பறவை எழுந்து போன சில நிமிடங்களிலேயே சித்திரை வெயில் அந்த முட்டைகளைக் கெடுத்துவிடும். படம் எடுப்பதற்காகத் திட்டில் இறங்கும் வழக்கம் அண்மைக்காலமாகப் பெருகிவருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நீர்நாய்களைப் பார்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கரையோரப் பாறைகளின் மேல் மீன் செதிலும் முள்ளும் மட்டுமே கலந்த எச்சம் கிடந்தால் அவை அந்தப் பக்கம் வந்து போகின்றன என்று புரிந்துகொள்ளலாம். விடியற்காலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நான்கைந்து தலைகள் வரிசையாக நீரைக் கிழித்துக்கொண்டு போவதைக் காணலாம். முதலைகளும் இந்த ஆற்றுக்கு உரியவையே, ஒகேனக்கல்லில் அவற்றுக்கென்று மறுவாழ்வு மையமே இருக்கிறது. அதனால் மேற்பகுதியில் குளிக்க இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. முதலை இல்லாவிட்டாலும் வண்டல் படிந்த கரை முழங்கால் வரை உள்வாங்கும், அதற்கடுத்துப் பழைய ஆற்றுப் பள்ளம் திடீரென்று தொடங்கிவிடும்.

நீர்மட்டம் 80 அடிக்குக் கீழே வந்துவிட்டால் காட்சி முற்றிலும் மாறிவிடும். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் அடையாளங்கள் எதிர்க்கரையில் உள்ள பண்ணவாடிப் பக்கம் ஒவ்வொன்றாக வெளிப்படும். முதலில் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம், இன்னும் பத்தடி அளவுக்கு இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. நீர் வற்றிய நிலத்தில் சோளமும் கம்பும் எள்ளும் நிலக்கடலையும் விளையும். வண்டல் மண் என்பதால் பயிர் நன்றாகத் திரளும். ஆனால் கர்நாடகத்தில் மழை முந்திக்கொண்டால் கதிர் முற்றும் முன்பே தண்ணீர் வந்து மூடிவிடும். அந்த வயல்களின் வழியே நடக்கும்போது வரப்பை விட்டு இறங்காமல் நடக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை என நம்புகிறேன். நீர் குறைந்து தேங்கி நிற்கும் சில வேளைகளில் பாசி படர்ந்து பச்சையாகித் துர்நாற்றம் வீசுவதும் உண்டு. பண்ணவாடி, கோட்டையூர்ப் பகுதிகளில் அப்படி என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

பொழுதுபோக்கு என்றால் இங்கே படகுதான். நாகமரையிலிருந்து பண்ணவாடிக்கும், ஒட்டனூரிலிருந்து கோட்டையூருக்கும் துறைகள் இருக்கின்றன. இவை சுற்றுலாவுக்காக ஏற்பட்டவை அல்ல. மேட்டூரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய நீண்ட சாலை வழியைத் தவிர்க்க இரு கரை மக்களும் இருசக்கர வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு கடக்கும் வழி. அவர்களோடு ஒருவராக ஏறி அக்கரை போய்த் திரும்புவது, காசு கொடுத்துச் சவாரி போவதைவிட எனக்கு எப்போதும் நிறைவாக இருந்திருக்கிறது. உயிர்காப்பு உடையைக் கேட்டு வாங்கி அணிந்துகொள்ளுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் காற்று பலமாக வீசும்போது அலை எழும். அன்று படகுக்காரர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

மீனவர்கள் மாலையில் பரிசலில் போய் வலை கட்டிவிட்டு விடியலில் எடுக்கிறார்கள். கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, கெளுத்தி எல்லாம் புத்தம் புதிதாகத் துறைக்கு வந்து சேரும் அந்த நேரத்துக்குப் போனால் நல்ல மீன் வாங்கலாம். பறவை பார்க்கவும் அதுவே நேரம், ஏனென்றால் கிழக்குக் கரையில் நிற்பவருக்குக் காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், எதிரே உள்ள மலையும் பறவையும் துலக்கமாகத் தெரியும். பிற்பகலில் நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூசும்.

சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள், பென்னாகரத்தை விட்டால் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட வசதியான கடைகள் குறைவு. இலையையும் பொட்டலத் தாளையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள், நீர் ஏறும்போது கரையில் கிடப்பதெல்லாம் ஏரிக்குள் போய்விடும். சுற்றுவட்டாரம் காப்புக்காடு என்பதாலும், கோடையில் யானைகள் தண்ணீர் தேடிக் காவிரிப் பக்கம் இறங்கும் என்பதாலும், இருட்டுவதற்குள் பென்னாகரம் திரும்பிவிடும்படி கணக்கிட்டுக் கிளம்புங்கள். இருசக்கர வாகனத்தில் வருவதாக இருந்தால் இதில் இன்னும் கண்டிப்பாக இருங்கள்.