விளையாட்டில் கடிக்கும் ராஜபாளையம் குட்டி: அடிக்காமல் திருத்துவது எப்படி?

கேள்வி: ஆட்டுப்பட்டிக் காவலுக்காக ராஜபாளையம் குட்டி வாங்கினேன். இப்போது இரண்டரை மாதம். ஒன்றரை மாதத்திலேயே தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். விளையாடும்போது கையைக் கடிக்கிறது, வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. நேற்று மகன் கையில் பல் பட்டு ரத்தமே வந்துவிட்டது. குச்சியால் அடித்தால் இன்னும் மூர்க்கமாகிறது. ‘கடிக்கிற குட்டிதான் காவலுக்கு ஆகும், விட்டுவிடு’ என்கிறார்கள். என்ன செய்வது?
- ஆடு வளர்ப்பவர், விருதுநகர் மாவட்டம்

பதில்: முதலில் மகனைக் கவனியுங்கள். பால்குடி மறந்த குட்டிக்கு வெறிநோய் இருக்காது என்று நினைப்பது தவறு. ரத்தம் வந்த காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரும். ஒன்றையும் விடக் கூடாது. ரத்தம் வந்ததால் காயத்தைச் சுற்றிப் போடும் ஊசியும் தேவைப்படலாம், மருத்துவரிடம் கேளுங்கள். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

இனி குட்டி. குறை அதன் குணத்தில் இல்லை, சீக்கிரம் பிரித்ததில் இருக்கிறது. கூடப் பிறந்த குட்டிகளோடு புரளும்போது ஒன்று அழுத்திக் கடித்தால், மற்றது கத்திவிட்டு விளையாட்டை விட்டு விலகிவிடும். இவ்வளவுதான் கடிக்கலாம் என்ற அளவு அப்படித்தான் படிகிறது. குறைந்தது 8 வாரமாவது தாயோடும் கூட்டத்தோடும் இருக்க வேண்டிய குட்டி 6 வாரத்தில் வந்துவிட்டது. விட்டுப்போன பாடத்தை இனி நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அடி வாங்கும் குட்டிக்கு மனிதக் கை என்றாலே பயம் வரும். உறுமினால் அடி விழும் என்று பழகிய நாய், வளர்ந்தபின் உறுமாமலே கடிக்கும். வாயைப் பிடித்து அழுத்துவதும் அப்படித்தான்.

விளையாடும்போது ஒன்றரை மீட்டர் கயிற்றைக் கழுத்துப்பட்டையில் போட்டுத் தூணில் கட்டிக்கொள்ளுங்கள். பல் அழுத்தமாகப் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடுவதைத் துரத்திப் பிடிப்பது இந்த இனத்துக்கு ரத்தத்திலேயே உண்டு. கையைத் தளரவிட்டு, ‘ஆ’ என்று ஒரே சத்தம். விட்டுவிட்டால் பத்து நொடி பொறுத்து, கைக்குப் பதிலாகத் துணி முடிச்சை நீட்டி விளையாட்டைத் தொடருங்கள். மறுபடி கடித்தால் பேசாமல் எழுந்து, கயிறு எட்டாத இடத்துக்கு நகர்ந்து, முதுகைக் காட்டி அரை நிமிடம் நில்லுங்கள். சில குட்டிகளுக்குச் சத்தம் கேட்டால் இன்னும் வேகம் ஏறும். அவற்றுக்குச் சத்தமே வேண்டாம், விலகுவது மட்டும் போதும்.

முதல் இரண்டு வாரம் வலிக்கும் கடிக்கு மட்டும் விலகுங்கள். அது குறைந்தபின் லேசான கடிக்கும், கடைசியில் பல் தோலில் பட்டாலே விலகுங்கள். எடுத்த எடுப்பில் வாயே வைக்கக் கூடாது என்றால் அழுத்தத்தின் அளவு அதற்குப் பிடிபடாது. வீட்டில் ஒருவர் விலக, இன்னொருவர் கையை ஆட்டிச் சீண்டினால் எல்லாம் பாழ். பெரும்பாலும் வழி தவறுவது இந்த இடத்தில்தான்.

நான்காம் மாதவாக்கில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும், ஏழு மாதத்துக்குள் முடியும். ஈறு ஊறும்போது கடி கூடும். பருத்தித் துணியை முறுக்கி முடிச்சிட்டு நனைத்துக் குளிரவைத்துக் கொடுக்கலாம். நூலைப் பிய்த்து விழுங்காமல் பக்கத்தில் இருங்கள். வேகவைத்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பழைய செருப்பும் வேண்டாம்; அதற்குப் பழசு எது, புதுசு எது என்று தெரியாது.

அந்தி நேரத்தில் வெறி பிடித்தாற்போல் ஓடிக் கடித்தால் அது பெரும்பாலும் தூக்கக் குறைவு. இந்த வயதுக் குட்டி நாளைக்கு 18 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். விளையாட்டு ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். தீனியை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பசியும் கடியைக் கூட்டும். குட்டி பாய்ந்தால் ஓடாமல், கத்தாமல், கையைக் கட்டிக்கொண்டு மரம்போல் நிற்க மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று. வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வரும் குட்டிகள் இந்த இனத்தில் உண்டு. கூடப்பிறந்தது கத்தியது கேட்காததால் அவை கடியின் அளவையே அறியாமல் வளரும். தூங்கும்போது, தட்டும் கையின் காற்று அதன் மேல் படாத தொலைவில் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். பலமுறை தட்டியும் காது அசையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சி இதேதான், சத்தத்துக்குப் பதில் கைச்சைகை.

காவல் குணம் கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். அது ஒரு வயதை ஒட்டி, பருவம் வந்தபின் தெரியும். வீட்டாரைக் கடிப்பதால் வளராது. ஆனால் உடலை விறைத்து, முறைத்துப் பார்த்து, தீனித்தட்டுக்கு மேல் உறுமினால் அது விளையாட்டல்ல. தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பட்டிக்குள் இப்போதே அவிழ்த்து விடாதீர்கள். ராஜபாளையம் வேட்டைக்கு வளர்ந்த இனம், ஓடும் ஆட்டுக்குட்டி அதற்கு இரையாகவே தெரியும். தினமும் பத்து நிமிடம் வேலிக்கு வெளியே கயிற்றோடு உட்காரவைத்து, ஆட்டைப் பார்த்தும் அமைதியாக இருந்தால் அவித்த முட்டைத் துண்டு கொடுங்கள். ஒரு வயது ஆகும்வரை ஆட்டுக்குட்டிகளோடு தனியே விட வேண்டாம்.