கலங்கியது தண்ணீரா, கம்பியா?

கேள்வி: எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறை பக்கம். போர் தண்ணீர் குடத்தில் பிடிக்கும்போது பளிச்சென்று இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் மஞ்சளித்து, அடியில் செம்பொடி படிகிறது. வீடு தேடி வந்த விற்பனையாளர் இரண்டு டம்ளர்களில் கரண்ட் கம்பியை விட்டுக் காட்டினார். எங்கள் தண்ணீர் மட்டும் சாக்கடை போலானது. 42,000 ரூபாய்க்கு ஓசோன் மெஷின் போட்டால் இரும்பு, ஃப்ளோரைடு இரண்டும் போய்விடுமாம். வாங்கலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அந்த டம்ளர் வித்தை ரொம்பப் பழசு. கம்பிகளில் ஒரு ஜோடி இரும்பு. உப்புள்ள தண்ணீரில் கரண்ட் பாய்ந்து, கம்பியே கரைந்து துருவாகக் கொட்டும். அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் தெளிவாக நிற்கிறது. மறுபடி வந்தால், சுவிட்ச் போடும் முன் அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பு போடச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும். அவர் முகத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

உங்கள் குடம் காட்டியதுதான் நிஜமான சோதனை. பூமிக்கடியில் காற்றுப்படாமல் கரைந்து கிடந்த இரும்பு, வெளியே வந்ததும் ஆக்சிஜன் பட்டுத் துருவாகிறது. ஒரு மில்லிகிராம் ஆக்சிஜனுக்கு 7 மில்லிகிராம் இரும்பு மாறும்; காற்றோ சும்மா கிடைக்கிறது. தொட்டியில் விழும் குழாய் நுனியில் ஷவர் மூடி மாட்டி, தெளியவிட்டு, மணல் ஃபில்டரில் வடித்தால் பல வீடுகளுக்கு அதுவே போதும். தண்ணீரில் அமிலத்தன்மையோ மாங்கனீசோ இருந்தால் காற்று திணறும். அப்போது குளோரின் அல்லது பெர்மாங்கனேட் என்ற ரசாயனம் சேர்க்க வேண்டும். இரும்பைத் துருவாக்கும் வேலையை ஓசோனும் செய்யும், அதில் பொய்யில்லை, வேகமாகவே செய்யும். ஆனால் உண்டாகும் துருவை வடிக்க அதற்கும் ஃபில்டர் வேண்டும். அது அந்த 42,000-க்குள் அடங்குமா என்று கேட்டீர்களா?

ஃப்ளோரைடு வேறு கதை. ஓசோன் செய்வது ஆக்சிஜனேற்றம், அதாவது எலக்ட்ரானைப் பிடுங்குவது. ஃப்ளோரைடு தன் எலக்ட்ரானை ஓசோனிடம் விடாது. அதை நீக்க ஆர்.ஓ., இல்லையென்றால் ஃப்ளோரைடை ஈர்த்துப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் அலுமினா துகள்கள். உங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்க போர்களில் ஃப்ளோரைடு கூடுதல் என்பது தெரிந்த சங்கதிதான், எனவே கேரள வாட்டர் அதாரிட்டி ஆய்வகத்தில் முதலில் சோதித்துவிடுங்கள். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. இரும்பைச் சோதிக்கத் தண்ணீர் பிடிக்க ஆய்வகத்தில் தனி பாட்டில் கேட்டு வாங்குங்கள், அதில் அமிலம் சேர்க்க வேண்டும்.

அப்புறம், 'ஃப்ளோரைடு போகும்' என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்து, திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.