மறைத்துக் காட்டினால் மனசுக்குள் போகுமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகனுக்கு ஞாபகசக்தி கூடும் என்று ஓர் ஆடியோ விற்கிறார்கள். கேட்பது அலையோசை மட்டும்தான். அதற்குள் வாசகங்கள் ஒளிந்திருக்கிறதாம். வாங்கலாமா?
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வேண்டாம். 1991-ல் அமெரிக்க உளவியலாளர் ஆண்டனி கிரீன்வால்டு குழுவினர் ஞாபகசக்தி கேசட்டையும் தன்னம்பிக்கை கேசட்டையும் சிலருக்கு லேபிள் மாற்றிக் கொடுத்தார்கள். லேபிளில் போட்டிருந்த குணம்தான் கூடியதாகப் பலர் சொன்னார்கள். உள்ளிருந்த வாசகத்தால் ஒரு பலனும் இல்லை. அலையோசைக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போங்கள், காசு மிச்சம்.

கேள்வி: அப்போது எல்லாமே புளுகா? லேப்டாப்பில் சோதித்து புராஜெக்ட் செய்ய நினைக்கிறேன்.
– உளவியல் மாணவர், லாஸ்பேட்டை

பதில்: படத்தின் நடுவே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வாசகம் காட்டி தியேட்டரில் பாப்கார்ன் விற்ற 1957 கதை புளுகு, கட்டிவிட்ட அமெரிக்க விளம்பர ஆய்வாளர் ஜேம்ஸ் விகாரியே 1962-ல் பின்வாங்கினார். ஆய்வகத்தில் கிடைத்த விளைவு வேறு. அது உண்மை, ஆனால் அற்பாயுசு. 50 மில்லிசெகண்டு காட்டி மறைத்த சொல், அடுத்த சொல்லுக்கான பதிலைத் தன் பக்கம் இழுக்கிறது. முதல் சொல் தோன்றியதிலிருந்து அடுத்த சொல் தோன்றும்வரை 100 மில்லிசெகண்டைத் தாண்டினால் இழுப்பு போய்விடுகிறது (கிரீன்வால்டு, 1996).

சாதாரண லேப்டாப் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கும், அதாவது ஒரு பிரேம் 16.7 மில்லிசெகண்டு. 20, 40 என்று புரோகிராமில் எழுதினாலும் திரை அதைக் காட்டாது. நேரத்தைப் பிரேம் கணக்கில் எழுதுங்கள்: 2 பிரேம் 33, 3 பிரேம் 50. எண்களே சௌகரியம்: முதல் எண், உடனே அதை மறைக்கும் கிறுக்கல், பிறகு இலக்கு எண், அது 5-ஐவிடப் பெரிதா, சிறிதா என்று பொத்தானை அழுத்த வேண்டும். தமிழ்ச் சொல் வைத்தால், மறைக்க வெறும் ####-ஐ நம்பாதீர்கள். மேலே ‘கி’யின் சுழி, கீழே ‘கு’வின் வால் துருத்திக்கொண்டு நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

வழக்கே அடுத்த கட்டத்தில்தான். “தெரிந்ததா?” என்று கேட்டால், அரைகுறையாகத் தெரிந்தவரும் “இல்லை” என்பார். அதனால் அதே ஆட்களிடம், மறைந்த எண்ணையே பெரிதா சிறிதா என்று 100 தடவையாவது ஊகிக்கச் சொல்லுங்கள். பாதிக்குப் பாதி சரியாக வந்தால்தான் ‘தெரியவில்லை’ என்று பேசவே முடியும். 50 சதவீதத்தை ஒட்டி வந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பதும் ஆபத்து. அவர்களில் சிலர் அன்றைக்குத் தற்செயலாகத் தப்பாக ஊகித்தவர்கள்; மறுபடி சோதித்தால் மதிப்பெண் ஏறும். டேவிட் ஷாங்க்ஸ் போன்ற உளவியலாளர்கள் பழைய ஆய்வுகள் பலவற்றைச் சந்தேகிப்பது இங்கேதான். யாரையும் கழிக்காமல் எல்லோருடைய கணக்கையும் அறிக்கையில் காட்டுங்கள்.