ஐந்தாவது கட்டத்தில் எழுதிய படிப்பு

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணித்தியாலம் போனில் கதைத்தீர்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள், மகளும் பக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் ஒரே ஒரு தடவைதான் அவள் வாய் திறந்தாள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஊர், பெயர் போடாமல் எழுதலாம் என்று நீங்கள் சொன்னபடியால் பொதுவிலேயே எழுதுகிறேன். இந்த நவம்பரில் இதே கதையோடு படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்த மூன்றாவது வீடு உங்களுடையது.

கதை லண்டனில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை மருத்துவத்துக்கு நாலு இடம் போட்டாள், நாலும் இல்லை என்று வந்தது. பல்கலைக்கழகங்களுக்குப் போடுகிற யூகாஸ் விண்ணப்பத்தில் ஐந்து கட்டம் இருந்தாலும் மருத்துவத்துக்கு நாலுதான் போடலாம். ஐந்தாவதில் வேறு ஏதாவது எழுத வேண்டும். எங்கட சனம் அந்தக் கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது பயோமெடிக்கல் சயன்ஸ், அதாவது உயிர்மருத்துவ விஞ்ஞானம். அப்படி எழுதி, அப்படியே கிடைத்து, இப்போது முதலாம் வருடத்தில் எட்டுக் கிழமை போய்விட்டது. கனடாப் பெரியப்பா படிப்பை இப்போதே விட்டுவிட்டுத் திரும்ப விண்ணப்பிக்கச் சொல்கிறார். மச்சாள் பல்கேரியாவுக்கு அனுப்பச் சொல்கிறா. கோயிலில் சந்தித்த ஒருவர், மூன்று வருடத்தை முடித்துவிட்டுப் பட்டதாரியாக மருத்துவத்துக்குள் போகலாம் என்றாராம். "இதில எது சரி தம்பி?" என்று கேட்டீர்கள்.

பயப்படாதேங்கோ, எல்லாம் சரிவரும் என்று அப்போது சொன்னேன். அது சும்மா ஆறுதலுக்குச் சொன்னது. யோசித்துப் பார்த்தபின் சொல்வதென்றால், மூன்றுமே சரியில்லை.

பெரியப்பாவின் கணக்கை முதலில் பாருங்கள். மருத்துவத்துக்கான கடைசித் திகதி ஒக்டோபர் 15. அது போய்விட்டது. இன்றைக்குப் படிப்பை விட்டால் அடுத்த ஒக்டோபரில்தான் விண்ணப்பம், அதற்கடுத்த செப்டெம்பரில்தான் வகுப்பு. கிட்டத்தட்ட இரண்டு வருடம் பிள்ளை வீட்டில் இருப்பாள், யாராவது இடம் கொடுத்தால்! 2025-26 வருடக் கட்டணம் 9,535 பவுண். அதில் கால் பங்கு முதல் தவணையோடேயே அவளுடைய கடனில் ஏறிவிட்டது. ஒரு வருடத்தை வீணாக்கினாலும் அரசாங்கக் கடன் தாங்கிக்கொள்ளும் என்று அவர் சொன்னது உண்மைதான், ஆனால் அந்தச் சலுகை ஒரு வருடத்துக்கு மட்டும்தான். அதை இப்படிச் செலவழிக்க வேண்டுமா?

பட்டம் முடித்துவிட்டு மருத்துவம் என்கிற யோசனை வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும். பட்டதாரிகளுக்கான நாலு வருடப் படிப்பு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இங்கே பயோமெடிக்கல் படிக்கிற பெடியளில் பாதிப் பேர் அந்தக் கதவடியில்தான் நிற்கிறார்கள். அது கிடைக்காமல் சாதாரண ஐந்து வருட மருத்துவத்துக்குப் போனால், ஏற்கெனவே பட்டம் எடுத்த பிள்ளைக்கு இங்கிலாந்தில் 2025-26 விதிப்படி முதல் நாலு வருடமும் கட்டணக் கடன் கிடையாது. 2025-26 கட்டணத்திலேயே 38,000 பவுணுக்கு மேல். கையில் இருக்க வேண்டிய காசு அது. கோயிலில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பல்கேரியாவுக்கு இங்கிலாந்து மாணவர் கடன் ஒரு சதமும் வராது, படிப்போ ஆறு வருடம். வீட்டை ரீமோர்ட்கேஜ் பண்ணலாம், அதன் மேல் திரும்பக் கடன் எடுக்கலாம் என்று அண்ணை மெல்லமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. வேண்டாம். இந்த விசயத்தில் நான் மரியாதைக்காகக்கூட வளைந்து கதைக்கப் போவதில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை கேட்காத ஒன்றுக்காக, நீங்கள் இருபது வருடம் இரண்டு வேலை செய்து கட்டிய வீட்டைத் தொடாதீர்கள்.

சரி, மகளை வாய் திறக்க வைத்த அந்த ஆய்வுகூடக் கோட் விசயத்துக்கு வருகிறேன்.

புதுசாக வாங்கிய வெள்ளைக் கோட்டின் கையில் கத்தரிப்பூ நிறத்தில் கறை, பிளீச் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று நீங்கள் குறைப்பட்டீர்கள். அப்போதுதான் மகள் வாய் திறந்தாள். "அம்மா, அது கிரிஸ்டல் வயலெட், போகாது" என்றாள். அதன் பிறகு நிறுத்தவே இல்லை. கண்ணாடித் தகட்டில் பக்டீரியாவைப் பூசி, சூட்டில் ஒட்டவைத்து, அந்தச் சாயம் ஒரு நிமிடம், அப்புறம் அயோடின், அப்புறம் அல்கஹோல் விட்டுக் கழுவுவது. அல்கஹோல் சில செக்கன் கூடினாலும் கத்தரிப்பூச் சாயம் முழுக்கப் போய், கடைசியில் விடுகிற சிவப்புச் சாயத்தில் எல்லாமே இளஞ்சிவப்பாகத் தெரியும். முதல் தரம் அவளுக்கு அப்படித்தான் ஆனது. மற்றவர்கள் கோட்டைக் கழற்றிவிட்டுப் போக, இவள் நின்று இன்னொரு தகடு செய்தாளாம். "முந்திரிகைக் குலை மாதிரி வடிவா வந்தது" என்றாள். ஸ்டஃபிலோகொக்கஸ் என்கிற பக்டீரியா அது. நாலு நிமிடம் கதைத்தாள் அக்கா. மருத்துவத்துக்கு ஏன் போட்டாய் என்று நான் கேட்டபோது அவளிடம் ஒரு வசனம்கூட வரவில்லை.

இந்தப் படிப்பை நீங்கள் எல்லோரும் மருத்துவபீடத்துக்கு வெளியே காத்திருக்கப் போட்ட வாங்கு மாதிரிப் பார்க்கிறீர்கள். இதற்கென்று ஒரு தொழில் இருக்கிறது, அதற்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. 'பயோமெடிக்கல் சயன்டிஸ்ட்' என்ற பெயரை இந்த நாட்டில் நினைத்தவர் எல்லாம் போட்டுக்கொள்ள முடியாது. சுகாதாரத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்கிற எச்.சி.பி.சி பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், இல்லாமல் போட்டால் குற்றம். பிசியோதெரபிஸ்டும் ரேடியோகிராபரும் பதிவு செய்கிற அதே பதிவேடுதான்.

அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். உங்களுக்குப் போன மாதம் ஜி.பி.யில், அதுதான் குடும்ப டொக்டரிடம், இரத்தம் எடுத்தார்களே, கத்தரிப்பூ மூடி போட்ட குழாய் ஒன்று, மஞ்சள் மூடி போட்டது ஒன்று. கத்தரிப்பூ மூடி அணுக்களை எண்ணுகிற பகுதிக்குப் போகும், மஞ்சள் மூடி உயிர்வேதியியலுக்கு. பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு பெட்டி நிறையக் குழாய்கள் வந்து இறங்கும். மெசின் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகும்போது ஒன்றில் நின்று சந்தேகம் கிளப்பும். அப்போது ஒரு ஆள் அந்த இரத்தத்தில் ஒரு துளியைத் தகட்டில் இழுத்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார். இருக்கக்கூடாத இளம் வெள்ளணுக்கள் தெரியும். அது ஒரு ஆறு வயதுப் பிள்ளையின் குழாயாக இருக்கலாம். அன்று இரவே அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று டொக்டருக்குப் போன் எடுப்பவர் இந்தப் பட்டம் படித்தவர்தான். இரவு மூன்று மணிக்குப் பிரசவ அறையில் இரத்தம் நிற்காமல் போனால், குளிர்பெட்டியிலிருந்து ஓ நெகட்டிவ் பை முதலில் ஓடும். தாயின் இரத்த வகையைப் பார்த்துப் பொருத்தமான பைகளை வரிசையாக அனுப்புபவர் அந்த நேரம் ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் தனியாகவே நிற்பார்.

இன்னொரு பகுதி இழையவியல். வெட்டி எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரை இருநூற்றைம்பதாகப் பிரித்தால் வருகிற அளவுத் தடிப்பில் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுத் தகட்டில் ஏந்துவார்கள். மெல்லிய பட்டுத் துணியைத் தண்ணீரிலிருந்து எடுப்பது போலிருக்கும், கை நடுங்கினால் போச்சு. அனுபவம் கூடியவர்கள், நோயியல் டொக்டர்மாரின் அமைப்பான ரோயல் கொலிஜ் ஒஃப் பதோலஜிஸ்ட்ஸோடு சேர்ந்து நடத்துகிற பரீட்சை எழுதி, சில வகை பயொப்சிகளுக்குத் தாங்களே அறிக்கை எழுதுகிறார்கள். ஒரு காலத்தில் டொக்டர்மார் மட்டும் செய்த வேலை அது.

சம்பளம் கேட்க நீங்கள் கூச்சப்பட்டீர்கள், நானே சொல்கிறேன். பதிவு கிடைத்ததும் பாண்ட் 5, அதாவது என்.எச்.எஸ் என்கிற அரசாங்க மருத்துவச் சேவையின் சம்பளப் படிகளில் ஒன்று. 2025-26 இல் இங்கிலாந்தில் 31,049 பவுணில் தொடக்கம், ஹரோ போன்ற வெளி லண்டன் பகுதியில் அதற்குமேல் சுமார் 15 சதவீதம். ஒரு துறையில் ஸ்பெஷலிஸ்ட் போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளைச் சான்றோடு தொகுத்த ஃபைல், முடித்தால் பாண்ட் 6, அது அதே வருடத்தில் 38,682 இல் தொடங்கியது. டொக்டர் சம்பளம் இதைவிடக் கூடத்தான். கனடாப் பெரியப்பாவின் வீட்டுக் கொண்டாட்டத்தில் சொல்லிப் பெருமைப்படவும் இது உதவாது.

இனிக் கசப்பான பக்கம். பட்டம் மட்டும் எடுத்தால் இந்தப் பதிவு கிடைக்காது. இரண்டு சாமான் வேண்டும். ஒன்று, ஐ.பி.எம்.எஸ் என்கிற இன்ஸ்டிடியூட் ஒஃப் பயோமெடிக்கல் சயன்ஸ் அங்கீகரித்த பட்டம். மற்றது, அவர்கள் ஒப்புக்கொண்ட ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பயிற்சி பெற்று நிரப்பிய போர்ட்ஃபோலியோ. முதலாவதில்தான் எங்கட ஆட்கள் பெயரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் பயோமெடிக்கல் பட்டம் ஆராய்ச்சிக்காக அமைத்தது, அங்கீகாரம் இருக்காது. 1992 இல் பொலிடெக்னிக்கிலிருந்து பல்கலைக்கழகமானவை என்று நாங்கள் மூக்கைச் சுளிக்கிறவற்றில் பலவற்றுக்கு அது இருக்கும். என்னிடம் வந்த ஒரு தம்பி பெரிய பெயருள்ள இடத்தில் நல்ல தரத்தில் பட்டம் எடுத்த பிறகுதான் இதை அறிந்தான். பகலில் ஆய்வுகூட உதவியாளர் வேலை, இரவில் விடுபட்ட பாடங்களுக்குச் சொந்தக் காசு. இரண்டு வருடம் அப்படிப் போனது. உங்கள் மகளின் பட்டத்தின் பெயரை ஐ.பி.எம்.எஸ் இணையத்தளத்தில் திங்கட்கிழமையே பார்த்துவிட்டேன். பட்டியலில் இருக்கிறது. பெரியப்பா "அது என்ன யுனிவேசிற்றி" என்று கேட்ட அதே யுனிவேசிற்றிதான்.

இரண்டாவது, பயிற்சி. அங்கீகரித்த பட்டத்தோடு போர்ட்ஃபோலியோ இல்லாமல் வெளியே வந்து, பாண்ட் 2, பாண்ட் 3 இல் குழாய் அடுக்கிக்கொண்டு பயிற்சி இடத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. அதனால்தான் இரண்டாம் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும் இடையில் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் இருக்கிற பிளேஸ்மென்ட் முக்கியம். அந்த வருடத்துக்குப் பல்கலைக்கழகம் முழுக் கட்டணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் கேட்க முடியாது. பல இடங்களில் சம்பளம் இராது, பயணச் செலவை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ரீமோர்ட்கேஜ் காசோடு பார்த்தால் அது சின்னத் தொகை. அந்த வருட முடிவில் வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வருவார். ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்கே, ஆய்வுகூடத்தைச் சுற்றிக் காட்டுங்கோ" என்பார். பிள்ளை முன்னால் நடந்து, எது ஏன் அங்கே இருக்கிறது என்று விளக்க வேண்டும். நாலு நிமிடம் மூச்சுவிடாமல் சாயம் பற்றிக் கதைத்த பிள்ளைக்கு இது கஷ்டமாக இராது.

இந்த இடங்கள் குறைவு, கேட்பவர்கள் கூட. இரண்டாம் வருடம் தொடங்கிய கையோடு விண்ணப்பமும் நேர்முகமும் வந்துவிடும். அப்போது ஆசிரியர் ஒருவர் அவளை நினைவில் வைத்து நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும். முதலாம் வருடம் அதற்குத்தான். மற்றப்படி இந்த வருடத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிற அளவுக்கு எதுவும் இல்லை. 40 புள்ளி எடுத்தால் பாஸ், பெரும்பாலான இடங்களில் முதல் வருடப் புள்ளி கடைசித் தரத்தில் சேராது. உயிர்வேதியியலில் 52 வந்ததற்கு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாள் என்றீர்கள். ஏ லெவலில் ரியூஷன் ஆசிரியர் எழுதித்தந்த குறிப்பைப் படித்த பிள்ளை, முதல் முறையாகத் தானே ஆய்வறிக்கை எழுதி 52 எடுத்திருக்கிறாள். நல்ல புள்ளி அக்கா அது. எனக்குக் கவலை வேறு: வீட்டிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலம் ரெயினில் போய், விரிவுரை முடிந்ததும் ஓடி வந்துவிடுகிறாள். தம்பியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டுமாம். கிழமையில் இரண்டு நாளாவது அந்த வேலையிலிருந்து அவளை விடுங்கள். கூடப் படிக்கிறவர்களோடு லைப்ரரியில் இருக்கட்டும், ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டிப் பழகட்டும்.

பிறகும் அவளே வந்து, எனக்கு டொக்டராகத்தான் வேண்டும் என்று சொன்னால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். பட்டம் முடித்து, வேலை பார்த்து, தன் காசில், தன் வாயால் கேட்டுப் போகட்டும். அப்போது அந்த நாலு வருடப் படிப்புக்கான விண்ணப்பத்தை நானே இருந்து பார்த்துத் தருகிறேன்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அவளைப் பார்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் ஒதுக்கிய ஆசிரியருக்கு, அதாவது பெர்சனல் டியூட்டருக்கு, ஒரு மின்னஞ்சல்: பிளேஸ்மென்ட் வருடத்துக்கு எப்போது, எப்படி விண்ணப்பிப்பது, போன வருடம் எந்த எந்த ஆஸ்பத்திரிகள் பிள்ளைகளை எடுத்தன என்று. அதை அவள் எழுத வேண்டும், நீங்களோ அண்ணையோ எழுதக்கூடாது. ஹெபடைட்டிஸ் பி ஊசிப் பதிவு வீட்டில் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள், ஆய்வுகூடத்தில் கட்டாயம் கேட்பார்கள். பெரியப்பாவுக்குப் போன் எடுப்பதானால் ஒக்டோபர் 15 விசயத்தை மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை அவர் தானே விட்டுவிடுவார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள். முதல் அரை மணித்தியாலம் அவளோடு தனியாகக் கதைக்க வேண்டும், நீங்களும் அண்ணையும் கீழே தேத்தண்ணிக் கடையில் இருங்கோ. அந்தக் கோட்டை எறிந்துவிடாதேங்கோ, வெள்ளிக்கிழமை அவளுக்கு பிராக்டிகல் இருக்கிறது.